லிபரல் கல்விக்கு உரியவர் யார்? அமெரிக்கக் கல்லூரிகளின் சரித்திரத்தில் ஓர் ஆராய்ச்சி

கல்லூரியில் சேரும் ஒவ்வொரு மாணவனும், பிற்காலத்தில் அவன் இயந்திரம் செய்யப் போகிறவனாயினும் கணக்கு எழுதப் போகிறவனாயினும், இலக்கியம், சரித்திரம், தத்துவம், கணிதம், இயற்கை விஞ்ஞானம் ஆகியவற்றில் ஓரளவேனும் பயின்றே ஆகவேண்டுமா என்ற கேள்வி, மேலோட்டமாகப் பார்ப்பவர்க்குப் பாடத்திட்டக் குழு ஒன்று கூடித் தீர்த்துவிடக்கூடிய நிர்வாகப் பிரச்சினையாகவே தோன்றும். லிபரல் கல்வி என்று மேனாட்டார் வழங்கும் இந்தப் பரந்த பயிற்சி, சென்ற இரு நூற்றாண்டுகளில் அமெரிக்கக் கல்லூரிகளில் எவ்வாறு ஆதரிக்கப்பட்டது, எவ்வாறு நெகிழவிடப்பட்டது, எவ்வாறு மீண்டும் கொண்டுவரப்பட்டது என்பதை ஆராய்ந்து பார்த்தால், பாடங்களைப் பற்றிய வாதத்தின் அடியில் மனிதர்களைப் பற்றிய வாதம் ஒன்று இடையறாது நடந்துவந்திருப்பது புலனாகும். 'இந்தப் படிப்பால் என்ன பிரயோஜனம்?' என்று கேட்டவர்களிற் பலர், தங்கள் சொந்தப் பிள்ளைகளைக் குறித்து அக்கேள்வியைக் கேட்கவில்லை என்பதே இக்கட்டுரை எடுத்துக்காட்ட முற்படும் செய்தி.

கேள்வியின் வேர் பழமையானது. கூலிக்காகச் செய்யும் வேலை மனத்தைத் தாழ்த்திவிடும் என்றும், சுதந்திரமான குடிமகனுக்கு ஏற்ற கல்வி வேறு, அடிமைக்கும் கைத்தொழிலாளனுக்கும் ஏற்ற பயிற்சி வேறு என்றும் அரிஸ்டாட்டில் தம் அரசியல் நூலின் இறுதிப் பகுதியில் வகுத்துச் சென்றார். இடைக்கால ஐரோப்பா அந்தக் கல்வியை ஏழு கலைகளாக வரிசைப்படுத்தி வைத்தது. 1636-இல் தோன்றிய ஹார்வர்டும் 1701-இல் தோன்றிய யேலும் அதன் சாயலை லத்தீன், கிரேக்கம், கணிதம் என்ற உருவில் புதிய கண்டத்திற்குக் கொண்டுசென்றன. ஓய்வுடையோரின் உடைமையாகப் பிறந்த ஒன்று, உழைத்துப் பிழைப்போருக்கும் உரியதாக முடியுமா என்பதே பின்னால் வந்தவர்களுக்குக் கிடைத்த சிக்கல்.

1827-ஆம் ஆண்டில் யேல் கல்லூரியின் ஆட்சிக் குழுவில், பேச்சு வழக்கொழிந்த பழம் பாஷைகளைப் பாடத்திட்டத்திலிருந்து அகற்றிவிடலாமா என்று ஒரு தீர்மானம் வந்தது. கால்வாய்களும் ஆலைகளும் பெருகிவந்த காலம் அது. ஹோமரைப் படித்தவன் ஆலை நடத்துவானா என்று வெளியில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கல்லூரித் தலைவர் ஜெரமையா டேயும் பேராசிரியர் ஜேம்ஸ் கிங்ஸ்லியும் சேர்ந்து அளித்த மறுமொழியே 1828-ஆம் ஆண்டின் யேல் அறிக்கை என்று பிரசித்தி பெற்றது. மனத்தின் சக்திகளைப் பயிற்றுவதும், அதை அறிவுப் பொருள்களால் நிரப்புவதும் ஆகிய இரண்டே கல்லூரியின் காரியங்கள் என்றும், அவ்விரண்டில் முன்னதே பெரிது என்றும், தொழிற்கல்வி அதன்பின் வரவேண்டியது என்றும் அவர்கள் வாதித்தார்கள். பழமையின் கோட்டை என்று இவ்வறிக்கையை ஏளனம் செய்வது பிற்காலத்தவர் வழக்கம். ஆயினும் வர்த்தகர், ஆலை முதலாளிகள், விவசாயிகள் ஆகியோருக்கும் இக்கல்வி வேண்டும் என்றும், குடியரசு ஆட்சியில் பெருந்தொகையினர் நல்ல கல்வி பெறுவது அவசியம் என்றும் அதே அறிக்கை சொல்லியிருப்பதை அந்த விமரிசகர்கள் படித்ததாகத் தெரியவில்லை. சொன்னதென்னவோ உண்மைதான், ஆனால் அன்றைய யேலின் வாசலுக்குள் பெண்களுக்கு இடமில்லை. 1833-இல் ஒஹையோ மாகாணத்தில் தோன்றிய ஓபர்லின் போன்ற இரண்டொரு ஸ்தாபனங்களே அந்தத் தடையையும் நிறத் தடையையும் முதலில் உடைத்தன.

வாசல் பெரிதாகத் திறந்தது 1862-ஆம் ஆண்டில். வெர்மாண்ட் மாகாணத்துக் கொல்லர் ஒருவரின் மகனும், தாம் கல்லூரியை எட்டிப் பார்க்கும் வாய்ப்பே இல்லாதிருந்தவருமான ஜஸ்டின் மாரில் கொண்டுவந்த மசோதாவை, 1859-இல் ஜனாதிபதி புக்கானன் நிராகரித்துவிட்டார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1862 ஜூலை 2 அன்று லிங்கன் அதில் கையொப்பமிட்டார். காங்கிரஸில் உள்ள அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் 30,000 ஏக்கர் என்ற கணக்கில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் பொது நிலம் வழங்கி, அதை விற்று வரும் பணத்தில் விவசாயமும் இயந்திரத் தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகளை நிறுவச் செய்தது அச்சட்டம். (அந்த நிலங்கள் எவரிடமிருந்து எடுக்கப்பட்டவை என்பது பூர்வகுடிகளின் சரித்திரத்தில் எழுதவேண்டிய வேறொரு துயர அத்தியாயம்.) தொழிற்கல்விச் சட்டம் என்று இதை நினைத்திருப்போர் அநேகர். அதன் வாசகத்தைப் பார்த்தால், உழைக்கும் வர்க்கத்தாருக்கு லிபரல் கல்வியும் நடைமுறைக் கல்வியும் ஒருங்கே அளிப்பதே நோக்கம் என்றும், மற்ற விஞ்ஞானங்களையும் பண்டைய இலக்கியங்களையும் விலக்கலாகாது என்றும் தெளிவாக எழுதியிருக்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் துணிந்தவர் பள்ளியிலிருந்து சிறுவயதிலேயே கடைக்கு வேலைக்குப் போனவர் என்பதை நான் தற்செயலாகக் கருதவில்லை.

இந்த விவகாரம் தன் முழு உக்கிரத்துடன் வெளிப்பட்ட இடம், அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்டிருந்த கறுப்பின மக்களின் கல்வி. புக்கர் வாஷிங்டன் அடிமையாகப் பிறந்து, ஹாம்ப்டன் தொழிற்பள்ளியில் பயின்று, 1881-இல் அலபாமா மாகாணத்தின் டஸ்கீகியில் ஒரு பள்ளியை ஏற்று நடத்த வந்தவர். கட்டடம் எழுப்பச் செங்கல் தேவைப்பட்டது. மாணவர்களே மண் குழைத்துக் காளவாய் போட்டார்கள். முதல் மூன்று சூளைகளும் பாழாயின. கைப்பணம் தீர்ந்துபோகவே, வாஷிங்டன் தம் கடிகாரத்தைப் பதினைந்து டாலருக்கு அடகு வைத்து நான்காம் சூளையை மூட்டினார்; அது தேறிற்று. அந்தச் செங்கல்லை வாங்க வெள்ளையர்களும் வந்தார்கள் என்று அவர் தம் சுயசரிதையில் பெருமையுடன் எழுதுகிறார். அந்தப் பெருமைக்கு அவர் முற்றும் உரியவர். ஆனால் அதே நூலில், குப்பையும் புதரும் மண்டிய குடிசையில் உட்கார்ந்து பிரெஞ்சு இலக்கணம் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞனைக் காட்டி, இதைவிடப் பரிதாபம் உண்டோ என்று நகைக்கவும் செய்கிறார்.

அந்த நகைப்புக்கு 1903-இல் பதில் எழுதியவர் டு பாய்ஸ். மாசசூசெட்ஸில் பிறந்து, கறுப்பினத்தவரின் கல்லூரியான ஃபிஸ்க்கில் 1888-இல் பட்டம் பெற்று, ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரானவர். ஃபிஸ்க்கில் படித்த நாட்களில் கோடை விடுமுறைகளில் அவர் டென்னஸி மலைக் கிராமம் ஒன்றில் பள்ளி நடத்தினார். முன்பு சோளம் சேமித்து வைத்த மரக் குடிலே பள்ளிக்கூடம். ஆசிரியரின் நாற்காலி அவர் தங்கியிருந்த வீட்டுக்காரியிடம் இரவல் வாங்கியது, இரவுதோறும் திருப்பித் தரவேண்டும். பிள்ளைகள் வராமல் நின்றால், ஏட்டுப் படிப்பில் பெரியவர்களுக்கு மறுபடியும் சந்தேகம் வந்துவிட்டது என்று அறிந்துகொண்டு, மலையேறிக் குடிசைக்குள் சென்று, கவிஞன் ஒருவனுக்காக வாதாடும்போது கல்வியின் பெருமையைப் பேசிய சிசரோவின் சொற்பொழிவை எளிய ஆங்கிலத்தில், ஊர் நடப்புக்குப் பொருத்தி அவர்களுக்கு எடுத்துச் சொல்வாராம். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள், ஒரு வார காலத்துக்கு என்று அவரே வேடிக்கையாகச் சேர்க்கிறார். லிபரல் கல்வியைப் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ பெரிய ஆராய்ச்சிகளைக் காட்டிலும், எழுத்தறியாத விவசாயியின் குடிசையில் சிசரோ புகுந்த அந்த ஒரு காட்சி எனக்கு அதிகம் விளக்குகிறது.

டு பாய்ஸின் வாதம் உணர்ச்சி மயமானதன்று; கணக்குப் பார்த்து எழுதப்பட்டது. தொழிற்பள்ளிகளுக்கு ஆசிரியர்கள் வேண்டும். அந்த ஆசிரியர்கள் கலைக் கல்லூரிகளிலிருந்தே வரவேண்டும். டஸ்கீகியே அப்படி வந்தவர்களைக் கொண்டுதான் நடக்கிறது என்று அவர் சுட்டினார். வாஷிங்டனின் மனைவி மார்கரெட்டே ஃபிஸ்க் பட்டதாரி. வாஷிங்டனின் மகள் போர்ஷியா சிறிது காலம் வெல்லெஸ்லி கல்லூரியில் பயின்று, பின்னர் பெர்லினுக்குச் சென்று பியானோ கற்றார். இதைக் கபடம் என்று சொல்லிவிடுவது நியாயமாகாது. வெள்ளையரின் தயவில் நடந்த பள்ளிக்குத் தலைவரானவர் பொதுவில் பேசியது ஒன்று, தகப்பனாக விரும்பியது மற்றொன்று. ஆனால் தகப்பனின் விருப்பமே ஆராய்ச்சியாளனுக்கு உறுதியான சான்று. டு பாய்ஸிடமும் ஒரு குறை உண்டு. சமூகத்தில் பத்தில் ஒருவருக்கே உயர்ந்த கல்வி என்று அவரும் அக்காலத்தில் எல்லை வகுத்தார். எல்லாருக்கும் என்று சொல்ல அவரும் துணியவில்லை.

இதற்கிடையில், பழைய கல்லூரிகளில் லிபரல் கல்வி உள்ளிருந்தே கரைந்துகொண்டிருந்தது. ரசாயன சாஸ்திரியான சார்லஸ் எலியட் 1869 முதல் 1909 வரை ஹார்வர்டின் தலைவராயிருந்து, கட்டாயப் பாடங்களை ஒவ்வொன்றாக நீக்கி, விரும்பியதை விரும்பியபடி தேர்ந்தெடுக்கும் முறையைப் புகுத்தினார்; நூற்றாண்டு முடியும் தறுவாயில் ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி தவிர ஏறக்குறைய எதுவும் கட்டாயமாக இல்லை. ஓய்வு பெற்றதும் அதே எலியட், தினம் பதினைந்து நிமிஷம் படித்தால் போதும் என்று சொல்லி, ஐந்தடி அலமாரியில் அடங்கும் உயர்ந்த நூல்களின் தொகுதி ஒன்றைப் பொது ஜனங்களுக்காகப் பதிப்பித்தார். கல்லூரிக்குள் பொதுவாக எதையும் படிக்க வேண்டாம் என்றவர், வெளியில் உள்ள குமாஸ்தாக்களுக்குப் பொது நூல்கள் வேண்டுமென்று நினைத்தது விசித்திரமே.

கரைந்ததை மீண்டும் கட்ட முற்பட்டது நியூயார்க் நகரத்துக் கொலம்பியா. முதல் உலக யுத்தத்தில் ராணுவப் பயிற்சி பெற்ற மாணவர்களுக்கு யுத்தத்தின் காரணங்களை விளக்க ஏற்பட்ட பாடம், 1919-இல் இக்கால நாகரிகம் என்ற பெயரில் முதலாண்டு மாணவர் யாவருக்கும் உரிய பாடமாயிற்று. 1937-இல் இலக்கியத்துக்கும் அதுபோல் ஒன்று ஏற்பட்டது. அதன் சிறப்பு பாடத்திட்டத்தில் இருந்ததைவிட வகுப்பறையில் இருந்தது. சிறு சிறு குழுக்களாக மாணவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, மூல நூலைக் கையில் வைத்துக்கொண்டு விவாதிப்பார்கள். ஆசிரியர் உரை நிகழ்த்திவிட்டுப் போகமாட்டார். யூதர்களும் புதிதாகக் குடியேறியவர்களின் பிள்ளைகளும் நியூயார்க்கில் பெருகிவந்த காலம் அது. பிளேட்டோ தங்கள் பாட்டன் சொத்து என்று எண்ண எந்தக் காரணமும் இல்லாத இளைஞர் சிலர் அவ்வகுப்புகளில் அவரோடு வழக்காடக் கற்றார்கள்.

சிகாகோ சர்வகலாசாலைக்கு 1929 முதல் தலைமை வகித்த ராபர்ட் ஹட்சின்ஸ், சிறந்தவர்களுக்குச் சிறந்த கல்வி எதுவோ அதுவே எல்லாருக்கும் சிறந்தது என்று ஓயாமல் பேசியவர். 1944-இல் யுத்த வீரர்களுக்கு இலவசக் கல்லூரிப் படிப்பு அளிக்கும் சட்டம் வந்தபோது, சர்வகலாசாலைகள் வேலையற்றோரின் தங்குமிடங்களாகிவிடும் என்று பத்திரிகையில் எச்சரித்து எழுதியவரும் அவரே. ஹார்வர்டின் தலைவர் கோனண்ட்டுக்கும் இதே கவலை இருந்தது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் கல்லூரிகளுக்கு வந்தார்கள். பிள்ளை குட்டிகளுடன் தற்காலிகக் கொட்டகைகளில் தங்கிப் படித்து, பள்ளியிலிருந்து நேரே வந்த இளைஞர்களைப் பின்தள்ளினார்கள். கொள்கையளவில் எல்லாரையும் வரவேற்ற ஹட்சின்ஸ், எல்லாரும் உண்மையிலேயே வந்து நின்றபோது அஞ்சியதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. கோனண்ட் நியமித்த குழு 1945-இல் வெளியிட்ட, சுதந்திர சமுதாயத்தில் பொதுக் கல்வி பற்றிய அறிக்கையும், ஜனாதிபதி ட்ரூமனின் குழு 1947-இல் அளித்த அறிக்கையும், தொழிலுக்குரிய தனிக் கல்வியோடு குடிமக்கள் அனைவர்க்கும் உரிய பொதுக் கல்வி ஒன்றும் இருக்கவேண்டும் என்று ஏறத்தாழ ஒரே குரலில் கூறின.

இவ்வெண்ணம் நம் நாட்டுக்கு வந்து சேர்ந்ததிலும் அமெரிக்கரின் பங்கு உண்டு. 1948-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த சர்வகலாசாலைக் கமிஷனில், சென்னைத் துணைவேந்தர் லக்ஷ்மணசுவாமி முதலியார், ஜாகிர் உசேன், மேக்நாத் சாஹா ஆகியோருடன் இரண்டு அமெரிக்கர்களும் இருந்தார்கள். அவர்களில் ஆர்தர் மார்கன், ஆண்டியோக் கல்லூரியில் மாணவர்களைச் சில மாதம் வகுப்பிலும் சில மாதம் தொழிற்கூடத்திலும் மாறி மாறி இருக்கச் செய்தவர். 1949-இல் அளிக்கப்பட்ட அறிக்கை, பட்டப் படிப்பில் பொதுக் கல்விக்கு இடம் வேண்டும் என்று வற்புறுத்திற்று. ஆனால் சிபாரிசு வந்து இறங்கிய நிலம் வேறு. 1857-இல் லண்டன் சர்வகலாசாலையின் மாதிரியில் நிறுவப்பட்ட நம் சர்வகலாசாலைகள், கற்பிப்பதற்கு என்று ஏற்பட்டவையல்ல. பரீட்சை நடத்துவதற்கு ஏற்பட்டவை. ஐம்பதுகளில் தொடங்கப்பட்ட பொதுக் கல்விப் பாடங்கள் பல, பரீட்சையில் மதிப்பெண் இருந்தால் சுமையாகவும், இல்லாவிட்டால் விளையாட்டாகவும் மாறி மெல்ல மறைந்தன. கலைக் கல்லூரிகளில் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முதன்மைப் பாடம் என்ற பாகுபாடு இன்றும் நிற்கிறது. முதல் இரண்டு பகுதிகளும் அந்த லிபரல் கல்வியின் எச்சம் என்பதைக் கற்பிப்பவர்களும் பெரும்பாலும் மறந்துவிட்டார்கள்.

வறியவர்களுக்கு இவை எட்டா என்று இன்னும் சொல்வோர்க்கு, 1995-இல் நியூயார்க்கில் எழுத்தாளர் எர்ல் ஷாரிஸ் செய்த சோதனையைக் காட்டலாம். வீடற்றோர், போதைப் பழக்கத்திலிருந்து மீள்வோர், சிறை மீண்டோர் முதலியோரிலிருந்து முப்பது பேர் அளவில் சேர்த்து, தத்துவம், கலை வரலாறு, தர்க்கம், கவிதை, அமெரிக்கச் சரித்திரம் ஆகியவற்றை நல்ல பேராசிரியர்களைக் கொண்டு கற்பித்தார். வகுப்புக்கு வரப் பயணச் சீட்டும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடும் செய்து தரப்பட்டன. பாதிக்குச் சற்று மேற்பட்டோர் இறுதிவரை நின்றார்கள். அமெரிக்காவில் பல ஊர்களிலும் பிற தேசங்களிலும் கிளமெண்டே வகுப்பு என்ற பெயரில் அது பரவியிருக்கிறது.

பயணச் சீட்டையும் குழந்தைப் பராமரிப்பையும் நான் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. எல்லாருக்கும் லிபரல் கல்வி என்பது பாடத்திட்டத்தில் ஒரு வரி சேர்ப்பதால் வந்துவிடாது. சிறு வகுப்பு, மூல நூல், விவாதிக்க நேரம், அந்த நேரத்தை மாணவனுக்கு விடுவித்துத் தரும் பணம் ஆகிய நான்கும் வேண்டும். தமிழ்நாட்டில் 2022 முதல் பொறியியல் மாணவர்க்குத் தமிழர் மரபும், தமிழரும் தொழில்நுட்பமும் தலா ஒரு கிரெடிட் பாடங்களாக வைக்கப்பட்டிருக்கின்றன. பொறியியற் கல்லூரிக்குள் அடியெடுத்து வைத்ததும் தமிழும் சரித்திரமும் முடிந்துபோயின என்றிருந்த மாணவனுக்கு அந்தக் கதவு சற்றே திறந்தது நல்லதுதான். வாரத்துக்கு ஒரு மணி நேரம், அறுபது பேர் கொண்ட வகுப்பில், பரீட்சைக்கு முந்தைய வாரம் கைமாறும் குறிப்பேட்டை வைத்து அதை நடத்திவிட்டு, மாணவர்களுக்கு ஆர்வமில்லை என்று தீர்ப்பெழுதும் ஆசிரியர், தம் வகுப்பில் ஒரு பருவமேனும் சங்கப் பாடல் ஒன்றை முழுதாகப் படிக்கவைத்து வாதாடவிட்டுப் பார்த்தபின் அதை எழுதலாம்.