உப்பும் மிளகும், பிறகு லேசரும்

நெய்வேலியில் 1957இல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தபோது அப்பா சின்னப் பையன். பின்னாளில் அதே சுரங்கத்தில் வேலை. முகத்திலும் முதுகிலும் மொச்சைக்கொட்டை அளவில் மெத்தென்ற கட்டிகள். ஒட்டாது என்று எத்தனை பேரிடம் சொல்வது? ஷிப்ட் பஸ்ஸில் அவர் பக்கத்து சீட் காலியாகவே வரும். பாட்டி வைத்தீஸ்வரன் கோயிலில் உப்பும் மிளகும் போட்டுவிட்டு வந்தாள்.

இந்தக் கட்டிகள் நரம்பிலிருந்து முளைப்பதை 1882லேயே ஜெர்மானிய மருத்துவர் ரெக்லிங்ஹாசன் காட்டிவிட்டார். கோளாறான மரபணு 17ஆம் குரோமோசோமில் அகப்பட 1990 ஆயிற்று. இடையில், 1964இல், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கினார். அதன் அகச்சிவப்பு ஒளியைத் திசுவிலுள்ள நீர் உறிஞ்சிக்கொள்ளும். கட்டி ஆவியாகும், சிறு ரத்தக்குழாய்கள் அப்போதே அடைபடும். ஒரே தடவையில் பல கட்டிகளை எடுக்கலாம். ஆனால் மரபணு அப்படியேதான் இருக்கிறது. புதியவை முளைக்கும், தழும்பும் நிற்கலாம். விளம்பரப் பலகைகளில் இந்த உண்மையைத் தேடாதீர்கள்.

அப்பா ஓய்வுபெற்ற பிறகுதான் சென்னையில் லேசர் சிகிச்சை செய்துகொண்டார், முகத்துக்கு மட்டும். "முதுகு சட்டைக்குள்ளதானம்மா இருக்கு, அது கெடக்கட்டும்" என்றார்.