போத்தலுக்குள் ஒரு சுரங்கம்



வீட்டில் கிடக்கும் காலிப் போத்தல் ஒன்றை எடுத்துப் பாருங்கள். அதன் வாய் ஒரு விரல் நுழையும் அளவுதான் இருக்கும். அந்த வாய் வழியே ஏணிகளையும் தள்ளுவண்டிகளையும், சம்மட்டி பிடித்த ஆட்களையும் உள்ளே கொண்டுபோய் நிறுத்த முடியுமா? முடியும் என்று காட்டியவர்களுள் ஐரோப்பாவின் சுரங்கத் தொழிலாளர்கள் முக்கியமானவர்கள்.

இன்றைய சுலோவாக்கியாவில் பான்ஸ்கா ஷ்டியாவ்னிட்சா என்றொரு மலையூர் உண்டு. பொன்னும் வெள்ளியும் தோண்டிய ஊர் அது. 1627ஆம் ஆண்டிலேயே அங்கே வெடிமருந்து வைத்துச் சுரங்கப் பாறையைப் பிளந்தார்கள். அந்த வட்டாரத்திலும் ஜெர்மனியின் சுரங்க மலைகளிலும் 18ஆம் நூற்றாண்டில் இந்தப் போத்தல் கலை வளர்ந்தது.

கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களை நம் மூத்தவர்கள் பலர் கண்டிருப்பார்கள். அவை பெரும்பாலும் திறந்த வெளியில் தோண்டப்பட்டவை. ஐரோப்பியச் சுரங்கங்களோ பூமிக்குள் ஆழமாக இறங்குபவை. ஆகவே போத்தலையும் மாடி மாடியாகவே அமைத்தார்கள். அடியில் பாறையை உடைப்பவர்கள், நடுவில் வண்டி தள்ளுபவர்கள், இராட்டினம் சுற்றிக் கனிமத்தை மேலே ஏற்றுபவர்கள், உச்சியில் வெளியுலகம்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. மரத்துண்டுகளைப் போத்தல் வாயில் நுழையும் அளவுக்குச் செதுக்குவார்கள். நீண்ட கம்பியால் ஒவ்வொன்றாக உள்ளே செலுத்தி, பசையிட்டு, காயும்வரை காத்திருப்பார்கள். ஓர் ஆள் சாய்ந்தால் செய்ததெல்லாம் கெடும். ஜெர்மானியர் இதற்கு வைத்த பெயர் 'பொறுமைப் போத்தல்' என்று பொருள்படும். மாலுமிகளும் இக்கலையைக் கையாண்டார்கள். பாய்மரங்களை மடக்கிய நிலையில் கப்பலை உள்ளே நுழைத்து, பின்னர் நூலை இழுத்து நிமிர்த்துவார்கள்.

இக்கலையில் பெயர் பெற்றவர் மத்தியாஸ் புக்கிங்கர். 1674இல் ஜெர்மனியின் அன்ஸ்பாக் நகரில் பிறந்தவர். பிறவியிலேயே கைகளும் கால்களும் முழுமையாக அமையவில்லை. உயரமோ ஏறக்குறைய 74 சென்டிமீட்டர். அவர் சுரங்கக் காட்சிகளைப் போத்தலுக்குள் அமைத்தார் என்றால், 'என்னால் முடியாது' என்று நம் பிள்ளைகள் சொல்லலாமா?

ஜெர்மனியின் சைஃபன் என்ற ஊரில் 1849இல் ஈயச் சுரங்கம் மூடப்பட்டது. அதற்கு முன்பே மரவேலை பழகியிருந்த அவ்வூர் மக்கள், மரப் பொம்மை செய்து பிழைத்தார்கள். அந்த மலைகளில், உடல் தளர்ந்த சுரங்கத் தொழிலாளிகள் சிறு சுரங்க மாதிரியை ஒரு பெட்டியில் அமைத்து, முதுகில் சுமந்து, ஊர் ஊராகக் காட்டிக் காசு சம்பாதித்ததும் உண்டு.

நேயர்களே, எத்தனை மணங்கு வெள்ளி எடுத்தார்கள் என்பதை முதலாளியின் கணக்குப் புத்தகம் சொல்லும். யார் எங்கே நின்றார், எந்தக் கருவியைப் பிடித்தார், எப்படிக் குனிந்தார் என்பதை அது சொல்லாது. அந்தக் குறையை இந்தப் போத்தல்கள் தீர்க்கின்றன. தொழிலாளி தன் கையாலேயே எழுதிய சரித்திரம் அது.

நம் தோட்டங்களும் மாறிவிட்டன. பல துண்டாடப்பட்டன, பல லயங்கள் இடிக்கப்பட்டன. பெரட்டுக் களம், பால் வாளி, காண்டா, உளி ஆகியவற்றை அறிந்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பிள்ளைகளே, தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். கேட்டதை எழுதுங்கள், வரையுங்கள், முடிந்தால் மரத்திலோ களிமண்ணிலோ செய்து பாருங்கள். பெற்றோர்களே, அதற்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கிக் கொடுங்கள்.