சமூக அறிவியல் ஆய்வுமுறைக் கல்வி: நெல்லை–தென்காசி வட்டாரம்

பழைய திருநெல்வேலி மாவட்டம், சமூக அறிவியல் மாணவர்கள் அளவுசார் ஆய்வையும் பண்புசார் ஆய்வையும் களத்தில் இறங்கிக் கற்ற இடங்களுள் ஒன்று. கடையம் உள்ளிட்ட அதன் மேற்குப் பகுதி 2019இல் தென்காசி மாவட்டமாயிற்று.

தமிழ்நாட்டில் முறையான ஊராய்வு கில்பர்ட் ஸ்லேட்டரிடம் தொடங்குகிறது. ஆக்ஸ்போர்டு ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்த இவர், 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்தார். மாணவர்கள் கையில் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, விடுமுறையில் அவரவர் ஊருக்குப் போய் விவரம் திரட்டிவரச் சொன்னார். குடிகள், சாதிகள், நிலவுடைமை, குத்தகை, பயிர், கால்நடை, கூலி, கடன் என வீட்டுக் கணக்கு முழுவதையும் அது கேட்டது. திரண்டவற்றுள் தேர்ந்தவை 1918இல் ஆங்கில நூலாக வந்தன. திருநெல்வேலிக்கு வடக்கேயுள்ள கங்கைகொண்டான் அதில் இடம்பெற்றது. புணே அருகே ஹெரால்டு மான் நடத்திய ஊராய்வு 1917இல் வெளியானது என்றாலும், மாணவரையே ஆய்வாளராக்கியது ஸ்லேட்டரின் தனிச்சிறப்பு.

சொந்த ஊர் என்பதால் கதவுகள் திறந்தன. ஆனால் அன்று கல்லூரியை எட்டியவர்கள் பெரும்பாலும் நிலமுள்ள வீட்டுப் பிள்ளைகள். குத்தகைக்காரரும் கூலியாளும் தம் கடனைப் பண்ணையார் மகனிடம் எவ்வளவு ஒளிவின்றிச் சொல்லியிருப்பர் என்பதை அட்டவணை காட்டாது.

பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் இருவரும் 1936–37இல் ஸ்லேட்டர் நூலின் ஊர்களை மறுபடி ஆராய்ந்து 1940இல் நூலாக்கினர். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வும் கங்கைகொண்டானுக்குத் திரும்பியது. ஓர் ஊரைத் தலைமுறைதோறும் அளந்து பார்க்கும் வாய்ப்பு எல்லா வட்டாரத்துக்கும் கிட்டியதில்லை.

எண்ணுக்குள் அடங்காததைக் கற்பித்தது பல்கலைக்கழகம் அல்ல, பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திய நா. வானமாமலை (1917–1980). அவர் கூட்டிய நெல்லை ஆய்வுக் குழுவில் உறுப்பினர்கள் கட்டுரை படிப்பர், மற்றவர்கள் கேள்வி கேட்டுக் குடைவர். 1969இல் ‘ஆராய்ச்சி’ இதழ் தொடங்கியது. அவர் பதிப்பித்த ‘முத்துப்பட்டன் கதை’யை மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் வெளியிட்டது. பிராமணன் ஒருவன் சக்கிலியர் குலத்துப் பெண்கள் இருவரை மணந்து, மாடு காக்கும் சண்டையில் மாண்ட கதை அது. பாபநாசம் மலையில் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் அவனுக்கு இன்றும் வழிபாடு உண்டு. சாதி மீறலை ஊர் எப்படித் தெய்வமாக்கிச் செரித்துக்கொண்டது என்பதை எந்தக் கேள்வித்தாளும் பிடித்திராது. வில்லுப்பாட்டைச் சமூக ஆவணமாக வாசிக்கும் பழக்கம் இக்குழுவால் வேரூன்றியது.

தற்போது பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையிலும், 1990இல் தோன்றிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் களத்தில் இறங்கிக் கற்கும் பயிற்சி தொடர்கிறது. இவ்வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்களைப் பற்றிய ஆய்வேடுகளும் உள்ளன.