மலைப்பாதையின் பாலங்கள்

நேயர்களே, நாவலப்பிட்டியிலிருந்து அட்டன் வழியாக நானுஓயாவுக்குப் புகையிரதத்தில் சென்றோர் தேயிலைச் சரிவுகளையும் அருவிகளையும் கண்டு மகிழ்ந்திருப்பர். இடையே சக்கரங்களின் ஓசை மாறிச் சில கணங்கள் பேரொலி எழும். அப்பொழுது நாம் ஒரு பாலத்தைக் கடக்கிறோம். அப்பாலத்தின் நலத்தை யார் காக்கின்றனர் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணியிருப்போம்?

மலைநாட்டுக்கு இருப்புப்பாதை வந்தது கோப்பியை முன்னிட்டேயாகும். 1867இல் கண்டியை அடைந்த பாதை, 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் அட்டனையும், 1885இல் நானுஓயாவையும் எட்டியது. அதற்குள், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களைப் பாழாக்கிவிட்டது. கோப்பிக்கென வந்த வண்டிகள் தேயிலையை ஏற்றிச் சென்றன. நாற்பத்து நான்கு அடிக்கு ஓரடி உயரும் ஏற்றமும், 330 அடி ஆரமே கொண்ட வளைவுகளும் உடைய இப்பாதையில் பாலங்கள் தாங்கும் பாரம் சிறிதன்று.

பாலத்திற்குப் பகை மூன்று. மழையும் பனியும் இரும்பைத் துருவாக்கும். ஓடும் வண்டியின் அதிர்வு இணைப்புகளைத் தளர்த்தும். காட்டாற்று வெள்ளம் தூணின் அடிமண்ணைக் கண்ணுக்குத் தெரியாமல் அரித்துச் செல்லும். முன்னாளில் பரிசோதகர் சுத்தியலால் தறையாணியைத் தட்டி, ஓசையைக் கொண்டே அதன் உறுதியை அறிவார். கண்டதைக் குறிப்பேட்டில் எழுதுவார். அவர் ஓய்வு பெற்றபின், பல்லாண்டு பழகிய அச்செவியறிவு அவருடனேயே போய்விடும்.

இக்குறையை நீக்க முயல்வதே கணினி மாதிரி. பாலத்தை ஒளிக்கற்றையால் அளந்து, அதன் வடிவத்தைக் கணினியில் அமைக்கின்றனர். ஒவ்வோர் உறுப்பும் எப்போது பழுதுபார்க்கப்பட்டது என்பதையும் அதனுடன் பதிகின்றனர். பாலத்தில் பொருத்திய உணர்கருவிகள் அதிர்வையும் இழுவிசையையும் அறிவிக்கின்றன. நேற்றைய அளவும் இன்றைய அளவும் வேறுபடின், எங்கே, எதனால் என்று உடனே ஆராயலாம்.

இதற்குச் சான்று, நம் தோட்ட மக்களின் வரலாற்றோடு பிணைந்த பாம்பன் பாலம். 1914இல் திறக்கப்பட்ட அதன் வழியே தோட்டங்களுக்கு வந்தோரும் உண்டு. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் கண்ணீருடன் திரும்பியோரும் உண்டு. அவ்வாண்டு டிசம்பரில் புயல் அதனைச் சிதைத்தது, பின்னர் செப்பனிட்டனர். பிற்காலத்தில் சென்னை ஐ.ஐ.டி. அறிஞர்கள் அதில் உணர்கருவிகளைப் பொருத்தினர். 2022 டிசம்பரில் அவை எச்சரித்தன. அதன்மீது வண்டிகள் ஓடுவது நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. கருவி உரைத்ததை மனிதர் மதித்தனர் என்பதே இங்குக் கருதத்தக்கது.

அதே 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில், டித்வா புயலோடு வந்த பெருமழை நம் மலைநாட்டுப் பாதையைப் பல இடங்களில் சிதைத்தது. மலையே சரியும்போது அதனைக் கணினி தடுத்து நிறுத்தாது. ஆயினும், வெள்ளம் வடிந்தபின் எந்தத் தூண் அசைந்தது, எந்தப் பாலம் பாரம் தாங்கும் என அறிவதற்கு, முன்பிருந்த நிலையின் சரியான பதிவு வேண்டும். பதிவில்லாதவிடத்து மதிப்பீடு வெறும் ஊகமாகவே முடியும்.

நேயர்களே, மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் இப்பாதையை நம்பியோர் பலர். அவர்களின் உயிர் ஊகத்தின் மேல் ஓடலாகாது. மழையில் நனைந்து தண்டவாளத்தோடு நடக்கும் தொழிலாளியின் கண்ணும், கணினியின் நினைவும் ஒன்றுசேர வேண்டும். முன்னோர் உழைத்துத் தந்த பாதைக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.