தொகுப்பு
எடிட்டிங்கைப் படத்தொகுப்பு என்கிறோம். தொகுத்தல் என்றால் சேர்த்தல். எட்டுத்தொகை அப்படி வந்த பெயர். இலக்கணத்திலோ தொகுதல் என்றால் மறைதல். 'தேர்ப்பாகன்' என்பதில் 'ஐ' உருபும் 'ஓட்டும்' என்ற சொல்லும் தொக்கி நிற்கின்றன. கேட்பவர் தாமே நிரப்பிக்கொள்கிறார். மாணவர் குறும்படத்தை இருவர் உட்கார்ந்து வெட்டும்போது இந்த இரண்டாம் பொருள்தான் கைகொடுக்கிறது. பெண் கதவைத் திறக்கிறாள்; அடுத்த ஷாட்டில் பேருந்தில் இருக்கிறாள். படியிறங்கியதைக் காட்ட வேண்டியதில்லை. பாடுபட்டு எடுத்தவருக்கு அந்த ஷாட்டை விட மனம் வராது. படப்பிடிப்புக்கே போகாத கூட்டாளிக்கு அது மிகை என்று சட்டென்று தெரிந்துவிடும். இப்படி இருவர் சேர்ந்து தொகுப்பது திரையுலகிலும் உண்டு: 'நாயகன்' (1987) படத்தைத் தொகுத்த பி. லெனினும் வி. டி. விஜயனும் பல படங்களில் இணையாகவே பணியாற்றினார்கள்.