புகைக் கல்லை நோக்கி

ஐரோப்பாவிலே, பெல்ஜிய நாட்டில் ஸ்பா என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள ஊற்று நீர் நோய் தீர்க்கும் என்று மக்கள் பல நூற்றாண்டுகளாக நாடிச் சென்றமையால், நீராடி நலம்பெறும் ஊர்களுக்கெல்லாம் ஆங்கிலத்தில் அவ்வூரின் பெயரே பொதுப்பெயராகிவிட்டது. இங்கிலாந்தின் பாத் நகரமும் அவ்வகையினதே. 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இவ்விரண்டையும் உள்ளிட்ட 11 ஊர்களை உலக மரபுச் செல்வமாக ஏற்றது. நம் நாட்டில் அத்தகைய ஊர் எது என்று வினவினால், மாணவர் குற்றாலம் என்பர். பிழையில்லை. ஆயினும் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் வாழ்வோர்க்கு அந்த ஊர் ஒகேனக்கல்லே ஆகும்.

கன்னடத்தில் 'ஹொகே' என்பது புகை; 'கல்' என்பது நமக்கும் கல்லே. விழுகின்ற காவிரியின் திவலை புகைபோல் எழுவதால் வந்த பெயர் அது. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுவதையே தொழிலாகக் கொண்டோர் உளர். உச்சி முதல் உள்ளங்கால்வரை தேய்த்து, தட்டி, முறுக்கி நம்மை அருவிக்கு அனுப்புவர். மூலிகைக் காட்டினூடே வருவதால் அந்நீருக்கு நோய் தீர்க்கும் ஆற்றல் உண்டென்பது மக்கள் நம்பிக்கை. நான் அறிந்தவரை, உடல்வலியைப் போக்கியதில் பாதிப் புகழ் அந்த எண்ணெய்க் கைகளுக்கே உரியது.

அங்கே நடந்தே செல்வது என்று 1986ஆம் ஆண்டு ஜனவரியில் ஒன்பது மாணவருடன் புறப்பட்டேன். அப்போது நான் வரலாற்றாசிரியன். அஞ்செட்டிவரை பேருந்து, அதன்பின் நாட்றாம்பாளையம் வழியாக இரண்டு நாள் நடை. மேலகிரி மலைத்தொடரின் ஏற்ற இறக்கம் கால்களை நன்கு சோதித்தது. 4,000 அடியைக் கடந்து நிற்கும் குத்திராயன் மலை ஒருபுறம். மூங்கிற் புதர்களில் யானை ஒடித்த கிளைகள் மறுபுறம். வழிகாட்டியாக வந்த பெரியவர், சாணம் சூடாக இருந்தால் பேசாதீர்கள் என்றார். அன்று மாணவர் காட்டிய ஒழுக்கத்தை வகுப்பறையில் நான் ஒருநாளும் கண்டதில்லை.

இந்த மலைகளின் வரலாற்றை நடந்தே அறிய வேண்டும் என்பது என் எண்ணம். கீழே உள்ள கிருஷ்ணகிரிச் சமவெளி பாராமகால். மேலே உள்ள ஓசூர், தேன்கனிக்கோட்டை மேட்டுநிலம் பாலகாட். மூன்றாம் மைசூர்ப் போரில், 1791 நவம்பரில், கர்னல் மாக்ஸ்வெல் கிருஷ்ணகிரியைத் தாக்கினார். கீழ்க்கோட்டை வீழ்ந்தது; செங்குத்தான பாறைமேலுள்ள கோட்டையோ வீழவில்லை. ஆனால் 1792இல் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை, போரில் கிட்டாததைத் தாளில் தந்தது. பாராமகால் கம்பெனிக்குச் சென்றது. பாலகாட் திப்புவிடமே இருந்து, 1799இல் அவர் மாண்டபின் கைமாறியது. ஆக, அந்த ஏழாண்டுகள் இம்மலைச் சரிவே இரு அரசுகளுக்கும் எல்லை. இன்றும் எல்லை தொலைவில் இல்லை. ஒகேனக்கல்லில் காவிரியின் அக்கரை கர்நாடகம்.

இதையெல்லாம் ஒரு கிணற்றடியில் அமர்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். மாணவர் ஏதோ வேடிக்கை பேசிச் சிரித்தனர். ஒருவன் மட்டும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவன் பற்களில் பழுப்புக் கறை. அதற்கு ஒரு மாதம் முன்புதான், "சாம்பலாவது செங்கற்பொடியாவது போட்டுத் துலக்கினால் என்ன?" என்று வகுப்பார் அறிய அவனைக் கடிந்திருந்தேன். இப்போது அவன் தலையை நிமிர்த்தாமலே, "துலக்கித்தான் பார்க்கிறேன், ஐயா. எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் அப்படி. என் அக்காளுக்கும் இப்படித்தான்" என்றான்.

நான் படித்தவன், ஆசிரியப் பயிற்சியும் பெற்றவன். மாக்ஸ்வெல் தாக்கிய மாதம் எனக்குத் தெரிந்திருந்தது. என் மாணவன் குடித்த தண்ணீர் தெரியவில்லை.

பின்னரே தேடிப் படித்தேன். எங்கள் மாவட்டப் பாறைகளிலுள்ள தாதுக்களினின்று புளோரைடு என்னும் உப்பு நிலத்தடி நீரில் கரைகிறது. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராம் என்பது உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த அளவு. அதற்கு மிஞ்சிய நீரைப் பல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் அருந்தினால் பல்லில் நீங்காக் கறை ஏறும்; மிக மிஞ்சின், நாளடைவில் எலும்பும் கெடும். காய்ச்சினாலும் போகாது.

தண்ணீரைப் பற்றி வரலாற்றாசிரியர் குறைவாகவே எழுதுகின்றனர். பாராமகாலில் 1792 முதல் ஏழாண்டு அலுவல் பார்த்த தாமஸ் மன்றோவை அனைவரும் அறிவர். பின்னாளில் சென்னை மாகாண ஆளுநரானவர். அவர் 1827இல் பத்திகொண்டாவில் மாண்டது வாளாலன்று, வாந்திபேதியால்.

இரண்டாம் நாள் மாலை அருவியின் ஓசை கேட்டது. கால்கள் புண்ணாகியிருந்தன. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுப் பழமையுடைய பாறைகளின்மீது காவிரி விழுவதைக் கண்டோம். எல்லோரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கு ஓடினர். அந்த மாணவன் மட்டும் முதலில் இரு கையாலும் நீரை அள்ளி அள்ளிக் குடித்தான். பிறகு என்னிடம், "இந்தத் தண்ணீர் எங்கள் ஊருக்கு வருமா, ஐயா?" என்று கேட்டான். "ஆறு பள்ளத்தை நோக்கித்தானே ஓடும், நம் ஊர் மேட்டில் இருக்கிறதே" என்றேன். பூகோளப்படி அது சரியான விடை.

வரலாறு வேறு விடை சொல்லிற்று. ஜப்பானியக் கடனுதவியுடன் சுமார் 1,929 கோடி ரூபாயில் திட்டமிடப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டது. எல்லைக்கு அப்பாலிருந்து எதிர்ப்பெழுந்தது. இருபுறமும் சினம் மூண்டது. எனினும் 2013இல் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. காவிரி நீர் எந்திரங்களால் மேடேற்றப்பட்டுக் குழாய்வழியே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு வருகிறது. கோடையில் குழாய் வறள்வதும் உண்டு. அப்போது பழைய ஆழ்குழாய்க் கிணற்றையே நாடுவோரைக் கண்டிருக்கிறேன்.

நாங்கள் நடந்த பகுதியில் இன்று விரும்பியவாறு நடக்க இயலாது. காவிரி வடக்குக் காட்டுயிர்ச் சரணாலயம் 2014இலும், தெற்குச் சரணாலயம் 2022இலும் அறிவிக்கப்பட்டன. வனத்துறையின் இசைவு வேண்டும். யானைகளுக்கு அது நல்லதே.

அந்த மாணவன் இப்போது ஓசூரில் ஓர் ஆலையில் பணிபுரிகிறான். சென்ற ஆண்டு வீட்டுக்கு வந்தான். அவன் பற்கள் மாறவில்லை. உருவான பல்லில் ஏறிய கறை குடிநீர் மாறியதால் போகாது. கூட வந்த மகள், குழாய் வந்தபின் பிறந்தவள், நான் நடந்த கதையைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தாள். அவன் பழக்கத்தால் வாயைப் பொத்திக்கொண்டான்.