தேடினால் கிடைக்காத கட்டுரைகள்: தமிழாய்வின் புலப்பாடு குறித்து

ஆய்வாளர்களுக்கு இன்று அறிவுரைக்குப் பஞ்சமில்லை. ஆர்க்கிட் எண் வாங்குங்கள், கூகுள் ஸ்காலரில் தனிப்பக்கம் திறங்கள், ரிசர்ச்கேட்டில் கட்டுரையை ஏற்றுங்கள், எக்ஸ் தளத்தில் சுருக்கம் போடுங்கள், மேற்கோள்களை ஜோட்டெரோவில் சேர்த்து வையுங்கள். புத்தொளிப் பயிற்சிகளில் இந்தப் பட்டியலுக்கென்றே ஒரு பிற்பகல் அமர்வு ஒதுக்கப்படுகிறது. பட்டியலில் உள்ள எதுவும் தவறான யோசனை இல்லை. ஆனால் கட்டுரை ஏற்கெனவே தேடுபொறிக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது, ஆசிரியர் தம்மை முன்னிறுத்திக்கொள்வதுதான் பாக்கி என்ற அனுமானம் இவை அனைத்துக்கும் அடியில் இருக்கிறது. ஆங்கில அறிவியல் இதழ்களுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். தமிழில் எழுதப்படும் ஆய்வுக்குப் பொருந்தாது. இங்கே கட்டுரை கண்ணில் படாமல் போவதற்குக் கோப்பும் எழுத்துருவும் பெயரும் தலைப்புமே முதற்காரணங்கள். அவற்றைச் சரிசெய்யாமல் ஆய்வாளரை விளம்பரத்துக்கு அனுப்புவதில் பயன் குறைவு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

விளம்பரத்தின் பயன் எவ்வளவு என்பதே இன்னும் தீராத வழக்கு. கட்டுரையை எல்லாரும் இலவசமாகப் படிக்கத் திறந்துவிட்டால் மேற்கோள் பெருகும் என்பது பரவலான நம்பிக்கை. பிலிப் டேவிஸ் என்ற ஆய்வாளர் 36 இதழ்களில் குலுக்கல் முறையில் சில கட்டுரைகளை மட்டும் திறந்துவிட்டுப் பார்த்து 2011இல் முடிவுகளை வெளியிட்டார். பதிவிறக்கம் கூடியது, மேற்கோளில் வேறுபாடு தெரியவில்லை. ட்விட்டர் (இன்றைய எக்ஸ்) குறித்த சோதனைகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. இதய, மார்பு அறுவை மருத்துவக் கட்டுரைகளை வைத்து 2020இல் வெளிவந்த ஆய்வு, ட்வீட் செய்யப்பட்டவை ஓராண்டில் கூடுதல் மேற்கோள் பெற்றதாகச் சொன்னது. 2024இல் பிளாஸ் ஒன் இதழில் வந்த சோதனையில், நல்ல பின்தொடர்வோர் கூட்டம் உள்ள 11 அறிவியலாளர்கள் 10 மாதம் மாதத்துக்கு ஒன்றாகக் கட்டுரைகளைப் பகிர்ந்தார்கள். பதிவிட்ட அன்று பதிவிறக்கம் எகிறியது. மூன்றாண்டு கழித்து மேற்கோள் எண்ணிக்கையை ஒப்பிட்டபோது புள்ளியியல் ஏற்கும் அளவுக்கு வேறுபாடு இல்லை. மேற்கோள் எண்களின் நம்பகத்தன்மை பற்றியோ சொல்லவே வேண்டாம். 2010இல் சிரில் லாபே என்ற பிரெஞ்சுக் கணினி அறிவியலாளர், கணினி புனைந்த போலிக் கட்டுரைகளை ஒன்றையொன்று மேற்கோள் காட்டவைத்து, ஐக் ஆன்ட்கரே என்ற இல்லாத ஓர் ஆய்வாளருக்கு கூகுள் ஸ்காலரில் மேற்கோள்களை அளக்கும் எச்-குறியீட்டில் 94 என்ற எண்ணை வாங்கித் தந்தார். உயிரோடிருக்கும் பேராசிரியர் பலருக்கு அது வாய்க்காது.

இனி, தமிழ்க் கட்டுரை ஒன்றைத் தேடுபொறி எப்படிப் பார்க்கிறது என்று பார்ப்போம். கூகுள் ஸ்காலர் இதழ்களிடம் கேட்பவை எளியவை. ஒவ்வொரு கட்டுரையும் தனிக்கோப்பாக இருக்க வேண்டும். கோப்பு 5 எம்பியைத் தாண்டக் கூடாது. உள்ளே இருப்பது தேடக்கூடிய எழுத்தாக இருக்க வேண்டும். முதல் பக்கத்தின் உச்சியில் பெரிய எழுத்தில் தலைப்பும் அதையடுத்து ஆசிரியர் பெயரும் வர வேண்டும். நம் கல்லூரிக் கருத்தரங்கத் தொகுப்புகளை இந்த அளவுகோலில் நிறுத்திப் பாருங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் ஒரே தொகுதியில். இணையத்தில் ஏற்றினாலும் ஒரே கோப்பு. தொகுதி முழுமைக்கும் ஓர் ஐஎஸ்பிஎன். ஸ்காலரின் கண்ணுக்கு அது ஒரு கட்டுரையாகக்கூடத் தேறாது. அட்டையில் அந்த எண் அச்சாகிவிட்டால் கட்டுரை உலகத்துக்குப் போய்விட்டது என்ற நம்பிக்கை மட்டும் நம்மிடையே அசையாமல் இருக்கிறது.

எழுத்துருச் சிக்கல் இன்னும் ஆழமானது. ஒருங்குறி வருவதற்கு முன்பும் வந்து நெடுநாள் பின்பும் அச்சகங்கள் பேஜ்மேக்கர் மென்பொருளில் பாமினி போன்ற எழுத்துருக்களைக் கொண்டே பக்கம் கட்டின. அந்த எழுத்துருக்களில் திரையில் தெரிவது மட்டுமே தமிழ். பாமினியில் அடித்த 'தமிழ்' என்ற சொல், கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகக் கிடக்கிறது. கண் தமிழைப் படிக்கிறது. தேடுபொறி படிப்பது பொருளற்ற ஆங்கிலக் குவியலை. தமிழக அரசு 2010இலேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. அச்சகங்கள் பல பழைய பழக்கத்தை விடவில்லை. ஆய்வேடுகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் தொடங்கி முனைவர் பட்ட ஆய்வேட்டின் மின்படியையும் ஒப்படைக்க வேண்டும். அவை சோத்கங்கா களஞ்சியத்தில் சேர்கின்றன. அங்கே ஆய்வேடு இருக்கும். ஆனால் பக்கங்கள் வெறும் படமாக வருடப்பட்டிருந்தாலோ பழைய எழுத்துருவில் இருந்தாலோ, நான்காம் இயலில் ஒருவர் நிறுவியிருக்கும் கருத்து எந்தத் தேடலிலும் அகப்படாது. ஒரே தலைப்பில் திரும்பத் திரும்ப ஆய்வேடுகள் வருகின்றன என்று குறைப்படுகிறோம். முன்னதைத் தேடிப் பிடிக்க வழியில்லாதபோது பின்னதை எழுதியவரை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது?

பெயருக்கு வருவோம். கருவிகள் யாவும் முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற இரண்டு கட்டங்களோடு பிறந்தவை. நம் பெயர் முதலெழுத்தோடு நிற்பது. அந்த எழுத்து தந்தையையோ ஊரையோ குறிப்பது. உ.வே. சாமிநாதையர் பெயரில் உத்தமதானபுரமும் வேங்கடசுப்பையரும் இருக்கிறார்கள்; இவற்றில் எது குடும்பப்பெயர்? ச. முருகன் என்று ஓர் ஆய்வாளர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் இதழில் அவர் முருகன் எஸ்.; முதலெழுத்தை விரிக்கச் சொன்ன இன்னொன்றில் முருகன் சண்முகம்; அதைப் பார்த்து மேற்கோள் காட்டுபவரிடம் சண்முகம் எம். உழைத்தவர் மகன், மேற்கோள் அப்பா கணக்கில். திருமணத்துக்குப் பின் தந்தையின் முதலெழுத்தை விட்டுக் கணவரின் முதலெழுத்தை ஏற்கும் பெண் ஆய்வாளர்களின் பட்டியல் நடுவில் இரண்டாக உடைகிறது. 2012 அக்டோபரில் தொடங்கிய ஆர்க்கிட்டின் 16 இலக்க எண் இதற்கென்றே செய்ததுபோல் உதவுகிறது. ஒருவர் எத்தனை வடிவில் பெயர் எழுதியிருந்தாலும் அத்தனையையும் ஒரே எண்ணின்கீழ்ப் பதியலாம். தமிழ் எழுத்திலும் பதியலாம். ஆய்வாளர் செலவழிக்கும் அரைமணி நேரத்துக்கு இதைவிட நல்ல பலன் வேறெங்கும் இல்லை. ஜோட்டெரோவிலும் ஆசிரியர் பெயரை ஒரே கட்டத்தில் இடும் வசதி உண்டு. அதைப் பயன்படுத்தாதவர்களின் துணைநூற்பட்டியலில் சாமிநாதையர் காற்புள்ளியால் துண்டிக்கப்பட்டுத் தலைகீழாக நிற்பதைக் காணலாம்.

தலைப்புகளைப் பற்றிச் சுருக்கமாக. 'ஒரு பார்வை', 'ஓர் ஆய்வு' என்று முடிகிற தலைப்புகள் தேடலுக்கு எதையும் தருவதில்லை. நூலின் பெயர், காலம், இடம், எடுத்துக்கொண்ட சிக்கல் ஆகியவை தலைப்பிலோ சுருக்கத்திலோ வழக்கமான வடிவில் இருந்தால் போதும். தமிழ்க் கட்டுரைக்கு ஆங்கிலச் சுருக்கம் வைப்பதைச் சிலர் அடிமைப் புத்தி என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தமிழ் படிக்கத் தெரிந்த செக் நாட்டு, ஜப்பானிய ஆய்வாளர்கூட முதலில் தேடுவது பெரும்பாலும் உரோமன் எழுத்தில்தான்.

இவ்வளவும் தெரிந்தும் ஏன் செய்வதில்லை என்றால், செய்வதற்கு மதிப்பெண் இல்லை. மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளில், மொழி, கலைத் துறைகளில் தகுதியுள்ள இதழில் வரும் ஒவ்வொரு கட்டுரைக்கும் 10 புள்ளி. கட்டுரை வெளிவந்ததா என்பதே கேள்வி. படிக்க முடிகிறதா, தேட முடிகிறதா என்று யாரும் கேட்பதில்லை. எது தகுதியுள்ள இதழ் என்று சொல்லிவந்த கேர் பட்டியலையும் 2025இல் கைவிட்டாயிற்று. பொறுப்பு இப்போது கல்வி நிறுவனங்களின் தலையில். இதை நான் வாய்ப்பாகவே பார்க்கிறேன். தகுதியை வரையறுக்கும் கல்லூரி, ஒருங்குறி எழுத்து, கட்டுரைக்கொரு கோப்பு, கட்டுரையை நிலையாக அடையாளம் காட்டும் டிஓஐ எண் ஆகிய மூன்றையும் நிபந்தனையாக வைத்தால் இதழ்கள் ஓராண்டில் மாறிவிடும். டிஓஐ எண் வாங்க வசதியற்ற சிற்றிதழில் எழுதுபவர், இதழின் ஒப்புதலோடு, ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் நடத்தும் செனோடோ களஞ்சியத்தில் கட்டுரையை ஏற்றினால் அந்த எண் இலவசமாகவே கிடைக்கும்.

பழைய இதழ்களுக்கு என்ன செய்வது? எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்ய ஆளும் இல்லை, பணமும் இல்லை. இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்காக 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஒரு நடைமுறை வழியைக் காட்டியிருக்கிறது. அங்கே பல இதழ்களின் பக்கங்கள் படமாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஒவ்வோர் இதழுக்கும் தனிப்பக்கம் உண்டு. அதன் உள்ளடக்கத்தைக் கட்டுரைத் தலைப்பும் எழுதியவர் பெயருமாக ஒருங்குறியில் தட்டச்சிட்டு வைத்திருக்கிறார்கள். தேடுபொறி அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொள்கிறது, வாசகர் அதன் வழியே படத்துக்குப் போகிறார். ஓர் இதழின் உள்ளடக்கப் பக்கத்தைத் தட்டச்சிட அரைமணி நேரம் ஆகும். தமிழகத் தமிழ்த்துறைகள் தம் சொந்த இதழ்களுக்கும் கருத்தரங்கத் தொகுப்புகளுக்கும் இதைச் செய்ய நிதி ஒதுக்கீடுகூடத் தேவையில்லை. முதுகலை மாணவர்களுக்கு ஒரு பருவத்துக்கான பயிற்சிப் பணியாகக் கொடுத்தால் முடிந்துவிடும்.